அடுப்படியில் காய்ந்த சக்கரம்

இதை நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். இளசுகளிடம் ஆரம்பித்தால் பாதியில் போனை எடுத்துக்கொள்வார்கள்.

போன வாரம் ஆயுத பூஜை விடுமுறைக்கு என் மகன் கோயம்புத்தூரிலிருந்து காரில் மலையேறி வந்தான். எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய், இடது முன்சக்கரத்தை ஓரக்கல்லில் உரசிவிட்டான். கார் வாங்கி இன்னும் வருஷம் திரும்பவில்லை. வாசலில் வந்து இறங்கியவன் பெற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். கன்னத்தில் கீறல் பட்டிருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டான்.

அதற்கும் இப்போது மருந்து இருக்கிறது. சக்கரத்தின் நிறத்துக்கென்று ஒரு நம்பர் உண்டாம். அதைச் சொன்னால் அச்சு அசலாக அதே நிறத்தில், நகப்பூச்சுப் புட்டி போல ஒரு சின்னப் புட்டியில் பெயின்ட் அனுப்பிவிடுகிறார்கள். இவன் அதை முன்கூட்டியே வாங்கி வண்டியில் வைத்திருந்தான். உரசும் என்று தெரிந்தே வாங்கியிருக்கிறான். தாத்தாவின் பேரன்தானே, வேறு எப்படி இருப்பான்?

மறுநாள் காலையில் சக்கரத்தைக் கழற்றி வாசலில் சாக்கு விரித்து அதன்மேல் சாய்த்து வைத்தான். சோப்புப் போட்டுக் கழுவினான். உப்புத்தாளால் கீறலைத் தேய்த்தான். டயரில் பெயின்ட் படாமலிருக்கச் சுற்றிலும் டேப் ஒட்டினான். ஒரு கோட்டு அடித்தான், காயவிட்டான், மறுபடி அடித்தான். நான் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்போது அவன் சொன்னான்: "அம்மா, காஞ்சிருச்சான்னு ஒரு விரல் வெச்சுப் பாரு. எங் கையெல்லாம் அழுக்கு."

என்னால் கையை நீட்ட முடியவில்லை. "நீயே பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுக் கீரையோடு உள்ளே போய்விட்டேன். அம்மாவுக்கு ஏதோ சிடுசிடுப்பு என்று நினைத்திருப்பான். என் சிடுசிடுப்பு அவனுக்குப் புதிதில்லை, அதனால் ஏன் என்று கேட்கவில்லை.

ஏன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்பா கீழ்நாட்டுக்காரர். அடிவாரத்து ஊரில் பிறந்து, மிளகு வியாபாரத்துக்காக மலையேறி வந்து, திண்ணனூர் நாட்டில் ரோட்டோரம் கடையும் வீடும் போட்டுக்கொண்டவர். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. மலையில் காய்க்கும் மிளகு, கடுக்காய், காப்பிக்கொட்டை எல்லாம் எங்கள் கடைத் தராசில் ஏறித்தான் கீழே இறங்கும். நல்ல வியாபாரி. வாக்குத் தவறமாட்டார். ஆனால் தனக்கு ஒன்று தெரியாது என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால்கூட, "உங்க வாத்தியாரு தப்பாச் சொல்லியிருக்காரு" என்பார்.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு கார் வாங்கினார். கீழே டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்த கார். பெரிய வயிறு வைத்த அந்தக் காலத்து வண்டி, பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். வெண்ணெய் நிறம். சக்கரத்தின் இரும்பும் அதே நிறம்தான், நடுவில் கண்ணாடி போல மின்னும் வட்டமான கப்பு. டாக்டரின் டிரைவர் மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் இறங்கிப் போனார். அப்பா எங்கள் கடைக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் நடுவே இருந்த சமதரையிலேயே முன்னும் பின்னும் போய் ஓட்டக் கற்றுக்கொண்டார். சமதரையில் ராஜா மாதிரி ஓட்டுவார். நாங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக் கையாட்டுவோம். சுற்றுவட்டத்தில் வேறு கார் கிடையாது. எனக்கிருந்த மண்டைக்கனத்துக்கு அளவே இல்லை.

வளைவு வேறு விஷயம். அப்பா கீழே போய் வந்த ஒவ்வொரு தடவையும் இடது பக்கச் சக்கரங்களில் புதிதாக ஒரு கீறல் இருக்கும். கீறலுக்குள் ஓரக்கல்லின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். கேட்டால், "கல்லு நட்டவனுக்கு அளவு தெரியல" என்பார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அப்பாவுக்கு மீசை இல்லை. ஒட்டியதெல்லாம் சக்கரத்தில்தான்.

அதனால் பெயின்ட். கீழே போய் வந்த மறுநாள் வீடு முழுக்க மண்ணெண்ணெயும் பெயின்ட்டுமாக நாறும். கடையில் விற்கிற எந்த டப்பாவும் அந்த வெண்ணெய் நிறத்துக்குச் சேராது. அப்பா வெள்ளை டப்பாவில் மஞ்சளைச் சொட்டு விட்டுக் கலக்குவார், ஒரு துளி காவி விடுவார், குச்சியால் எடுத்து டப்பா மூடியில் தடவிப் பார்ப்பார். ஆனால் முடிவு சொல்வது அம்மா. அம்மாவுக்கு நிறத்தில் அப்படியொரு கண். அடுப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூடியைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்து, "இது மோரு. நமக்கு வேண்டியது மோருல ஒரு சொட்டு காப்பி உட்டாப்பல இருக்கோணும்" என்பாள். அப்பா இன்னொரு துளி காவி விடுவார். "ம், இப்பச் சரி" என்று அம்மா சொல்லிவிட்டால் சரிதான். காய்ந்த பிறகு கீறல் எங்கே இருந்தது என்று அடித்தவருக்கே தெரியாது.

டயரில் பெயின்ட் படாமலிருக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார். வியாபாரி வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவியும். அந்தக் கெட்டி அட்டைகளை டயருக்கும் இரும்புக்கும் நடுவே வரிசையாகச் சொருகிவிடுவார். சக்கரம் பெரிய சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கும். "மஞ்ச தடவுன பத்திரிகைய டயருக்குள்ள சொருவறீங்களே, அந்தப் புள்ளைக நல்லா இருக்க வேண்டாமா?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "கல்யாணமெல்லாம் முடிஞ்சு போச்சு, இனி என்ன ஆவப் போவுது" என்று அப்பாவும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

மலை ஈரக்காற்றில் பெயின்ட் லேசில் காயாது. மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம். எனவே கழற்றிய சக்கரம் உருண்டு அடுப்படிக்கு வந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்து அந்த அனலில் காயவிடுவோம். நாங்கள் தின்ற ரசத்தில்கூட பெயின்ட் வாசனை வந்தது. காய்ந்ததா என்று பார்ப்பது என் வேலை. பெரியவர்கள் விரல் பட்டால் ரேகை விழுந்துவிடுமாம், என் விரல்தான் மெத்தென்று இருந்ததாம். காலையில் எழுந்ததும் அப்பா கூப்பிடுவார்: "கண்ணு, தொட்டுப் பாரு, ஒட்டுதா?" நான் உள்பக்கமாக ஓர் ஓரத்தில் சுட்டு விரலை வைத்து எடுத்து, அவர் கண் முன்னால் நீட்டுவேன். "ஒட்டலப்பா." அதற்குப் பிறகுதான் சக்கரம் மாட்டுவார். அந்த வீட்டில் என் வாய்க்கு மரியாதை இருந்த ஒரே விஷயம் அதுதான்.

இனி எடப்புளி மாமா. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. எடப்புளி நாட்டில் மலங்காட்டு விவசாயி. சாமை, மரவள்ளி, பலாமரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. மிளகை எங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவார். நாங்கள் மாமா என்று கூப்பிட்டோம், அவர் மனைவியை அத்தை என்று கூப்பிட்டோம். கல்யாணமாகி வெகுநாள் கழித்து அத்தை அப்போதுதான் மாசமாக இருந்தாள். மாமா கடைக்கு வந்தால் சும்மா இருக்கும்போதே சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷ மழைக்கு முன்னால் ஒரு தடவை அப்பா மிளகு மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கீழே போனார். மூட்டை இறக்க மாமாவும் வந்தார். கீழே செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். முதல் வளைவிலேயே வண்டி கல்லில் உரசி நின்றது. அப்பாவின் கழுத்து வியர்த்திருந்தது. பின்னால் இழுத்து மறுபடி திருப்பினார், மறுபடி உரசியது. மாமா கதவைத் திறந்து இறங்கினார். காருக்கு முன்னால் போய், பின்பக்கமாகவே நடந்துகொண்டு, இரண்டு கையாலும் ஜாடை காட்டினார்.

"ஒடிங்க... ஒடிங்க... இன்னும் ஒரு சாண் இருக்குதுங்க... போதும், இப்ப நேராக்குங்க."

அடுத்த வளைவிலும் இறங்கினார். அதற்கடுத்ததிலும். அடிவாரம் வரைக்கும் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. கன்றுக்குட்டியைப் பழக்குகிறவர் மாதிரி வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தே எங்களை இறக்கிவிட்டார். கீழே வந்ததும் அப்பா என்னிடம், "பிரேக்கு கொஞ்சம் சரியில்ல கண்ணு" என்றார். மாமாவும் "ஆமாங்க, பிரேக்குத்தானுங்க" என்றார். அதை அவர் மலையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீக்கடை அதை ஒரு மாதம் வைத்துத் தின்றிருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. காருக்கு முதல் பூஜை. அப்பா பொட்டு வைக்க வேண்டிய வண்டியில் ஒரு கீறல் இருக்கக் கூடாது என்று நின்றார். எல்லாச் சக்கரத்தையும் முடித்துவிட்டுக் கடைசியாக இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். வண்டி அந்த மூலையில் கல்லடுக்கின்மேல் நின்றது. சக்கரம் அடுப்படியில் நின்றது. வெளியே விடாத தூறல். பூஜைக்கு முந்தின நாள் காலையில் வழக்கம்போல் அப்பா கூப்பிட்டார், நான் தொட்டேன், விரலை நீட்டினேன்.

"ஒட்டலப்பா."

"செரி, சாயங்காலம் மாட்டிக்கலாம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மாமா ஓடிவந்தார். பின்னாலேயே நாலைந்து ஆட்கள், மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதற்குள் அத்தையைப் படுக்கவைத்துத் தூக்கிவந்தார்கள். அத்தையின் ஒரு கை வெளியே நீண்டு மூங்கிலைப் பிடித்திருந்தது. கம்பளி நனைந்து தொங்கியது. டீக்கடைக்காரரும் இன்னும் சிலரும் ரோட்டில் கூடிவிட்டார்கள்.

"மொதலாளி, ஊட்டுல நோவு கண்டு ராத்திரியிலிருந்து துடிக்கறா. புள்ள குறுக்க கெடக்குது, கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கன்னு நர்சம்மா சொல்லிப்போட்டாங்க. பஸ்ஸு அப்பவே போயிருச்சுங்க. காரை எடுங்க சாமி, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

அப்பாவின் கண் முதலில் ரோட்டைப் பார்த்தது. ரோடு தெரியவில்லை, பனிமூட்டம்தான் தெரிந்தது. ஆனாலும் அவர், "இருப்பா, சக்கரத்த மாட்டிர்றேன்" என்று சொல்லி, சீட்டுக்கடியிலிருந்து நட்டுத் திருகும் ஸ்பேனரை எடுத்தார். எடுத்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்காக நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொம்பு அந்த ஸ்பேனர்தான்.

மாமாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது:

"பயப்படாதீங்க மொதலாளி. போன தடவை மாதிரியே வளைவுக்கு வளைவு நான் முன்னாடி எறங்கி நடக்கறேன். நீங்க என்ர கையைப் பாத்தே ஓட்டிட்டு வாங்க."

ரோட்டில் நின்றவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர், "வளைவுக்கு வளைவு எறங்கி நடந்தியா? எதுக்கு?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அப்பாவின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். ஸ்பேனரைக் காரின் மூக்கின்மேல் வைத்தார்.

"இல்லப்பா, ஆகாது. இப்பத்தான் ஞாபகம் வருது. பெயிண்டு ஈரமாக் கெடக்குது. நட்டு உக்கார்ற எடத்துல ஈரமா இருந்தா எறுகாது. பாதி வழில சக்கரம் கழண்டுக்கிச்சுன்னா எல்லாரும் போயிருவோம்."

"ஸ்டெப்னி இல்லீங்களா?" என்று தூளி தூக்கியவர்களில் ஒருவர் கேட்டார்.

"அது பஞ்சரு."

அது உண்மைதான். அதற்கு முன் சொன்னதுதான் உண்மையில்லை. அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, உதவி செய்கிற சந்தோஷத்தில், நான் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்: "காஞ்சிருச்சுப்பா! காத்தால நாந்தானே தொட்டுப் பாத்தேன்!"

"உனக்கென்ன தெரியும், உள்ள போ!"

அதுவரைக்கும் அப்பா என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. நான் அடுப்படிக்கு ஓடினேன். எனக்குப் பின்னாலேயே மாமாவும் வந்தார். எத்தனையோ வருஷம் கடைக்கு வந்திருக்கிறார், எங்கள் வீட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை. கால் வைக்கும்படி எங்கள் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு யாரையும் கேட்காமல், சேற்றுக் காலோடு, நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். அம்மா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். மாமா குனிந்து சக்கரத்தின்மேல், நட்டு உட்காரும் இடத்தில், விரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். விரலைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

வெளியே அத்தை முனகுவது கேட்டது. மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்த விரலைத் தோள் துண்டில் அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஈரந்தானுங்க. கையில ஒட்டுது."

துண்டில் ஒரு புள்ளிகூட இல்லை. நானும் அம்மாவும் பார்த்தோம். "தூக்குங்கப்பா, புளியஞ்சோலைப் பக்கமா எறங்கிரலாம்" என்று அவர் சொல்வது கேட்டது. அம்மா பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே கெட்டியான தன் புடவையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நனைந்த கம்பளியை எடுத்துவிட்டு அந்தப் புடவையில் தூளியை மாற்றிக் கட்டினார்கள். வந்த வழியே திரும்பி, மலைக்கு மறுபக்க அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போனார்கள். அப்பா காரைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஒருவரும் அவரிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அத்தை பிழைத்தாள். குழந்தை ஓடையைத் தாண்டுகிற இடத்தில் பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

கார் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைத்திருக்காது என்றும் யாராலும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து இன்றுவரை நான் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறேன்.

மறுநாள் பூஜை நடந்தது. அப்பா சக்கரத்தை மாட்டி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். எங்களைத் தவிர ஒருவரும் வரவில்லை. சுண்டல் அப்படியே மிஞ்சியது. அதற்குப் பிறகு ஊர் அப்பாவுக்கு 'பெயிண்டு மொதலாளி' என்று பெயர் வைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டில் யாரோ ஒரு சக்கரம் வரைந்துவைத்தார்கள். நான் எச்சில் தொட்டு அழித்தேன். காரில் போய்க் கையாட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. அப்பாவுக்குப் பெயின்ட்தான் பெரிது, மனிதர்கள் பெரிதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் கையால் வாங்கித் தந்த செருப்பைப் போடாமல் வெறுங்காலில் பள்ளிக்கூடம் போனேன்.

மிளகு பறிப்பு முடிந்து மாமா கடைக்கு வந்தார். வேறு வியாபாரியிடம் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மூட்டையோடு முதலில் டீக்கடைக்குப் போனார். நான் அங்கே வர்க்கி வாங்க நின்றிருந்தேன். யாரோ "பெயிண்டு மொதலாளி கடைக்கா?" என்று கேட்டதற்கு மாமா மூட்டையைக் கீழே வைத்தார்.

"நாந்தானே தொட்டுப் பாத்தேன்? ஈரமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கி மாட்டிட்டுப் போயிருந்தா நாங்க அத்தன பேரும் பள்ளத்துல கெடந்திருப்போம். இனி ஒருத்தரும் அந்தப் பேரச் சொல்லாதீங்க."

பறிகொடுத்தவனே சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன பேசுவார்கள்? அந்தப் பெயர் அத்தோடு நின்றது. நான் வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அன்று அப்பாவே மிளகை எடை போட்டார். தராசுத் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. "ஏப்பா, அன்னைக்கி..." என்று ஆரம்பித்தார். மாமா தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார். "பெயிண்டு காயலீங்க மொதலாளி. விடுங்க" என்றார். சாக்கை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மட்டும் விடவில்லை. அப்பா அடுத்து ஒருநாள் பெயின்ட் கலக்கி, மூடியை நீட்டி நிறம் சரியா என்று கேட்டபோது, "இனி என்னைய நெறம் பாக்கக் கூப்புடாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா தானே கலந்து அடித்தார், சேரவில்லை. வெண்ணெய் நிறத்தின்மேல் மோர் நிறத்தில் திட்டுத்திட்டாக நின்றது. பிறகு காரை எடுப்பதையே விட்டுவிட்டார். பலாமரத்தடியில் நின்று, பின்சீட்டில் கோழி முட்டையிட்டு, கடைசியில் இரும்புக்குப் போனது. ஒரு சக்கரத்துக் கப்பு மட்டும் வெகுகாலம் வீட்டில் கிடந்தது. அம்மா அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அப்பா பயந்தவர் என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஒரு தடவை அவரோடு பஸ்ஸில் கீழே இறங்கினேன். முதல் வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "தூக்கம் வருது கண்ணு" என்றார். தூங்குகிறவர் முன்சீட்டுக் கம்பியை அப்படியா பிடிப்பார்? விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. அடிவாரம் வந்ததும் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு அந்தச் சுண்ணாம்புக் கீறல்கள், கழுத்து வியர்வை, பனிமூட்டத்தைப் பார்த்த பார்வை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தப் பெயின்ட் முழுக்க அழகுக்காக அடித்ததில்லை. தன் பயம் யார் கண்ணிலும் படக் கூடாதென்று அடித்தது. பயமாயிருக்கிறது என்று சொல்வதைவிடக் கல்நெஞ்சன் என்று பெயர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அது தெரிந்ததும் கோபம் போய்விட்டது. வெட்கம் போகவில்லை. சொல்லப்போனால் கூடிவிட்டது, இப்போது அவருக்கும் சேர்த்து நான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

மாமா பள்ளத்தில் கிடந்திருப்போம் என்று சொன்னாரே, அதை யோசித்துப் பாருங்கள். அவர் வாய் கூசாமல் சொன்ன பொய்க்குள் அந்த ஒரு வரி நிஜமாக இருந்திருக்கலாம். மூட்டத்தில், மழையில், நடுங்குகிற கையில் பெண்டாட்டியைக் கொடுப்பதைவிடத் தூளியே மேல் என்று அடுப்படியில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்தாரோ என்னவோ. வளைவுக்கு வளைவு இறங்கி நடக்கிறேன் என்று ஊர் முன்னால் வாய்விட்டது தன் தப்பு என்று நினைத்தாரோ. கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு முன்னாலேயே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். நான் கீரையோடு உள்ளே போனேனா, வாசலில் ஒரு குரல் கேட்டது. "கண்ணு, ஊட்டுல இருக்கறயா?" எடப்புளி அத்தை. தடியூன்றி ரேஷன் கடைக்குப் போகிற வழியில் எப்போதாவது வருவார். அந்த ஒன்றுக்குப் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன் வீட்டில் இருக்கிறார். நான் நாற்காலி போட்டுக் காபி கொண்டுவந்து கொடுத்தேன். என் மகன் பெருமையாகப் புட்டியைக் காட்டி, "பாருங்க அம்மாயி, ஒரே நெறம். எங்க கீறுச்சுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றான்.

அத்தை குனிந்து பார்த்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், சுட்டு விரலை நீட்டிச் சக்கரத்தை அழுத்தினார். விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"காஞ்சிருச்சு சாமி. மாட்டிக்கலாம்."

மகன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனான். அத்தை காபியை ஆற்றியபடி அவன் மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கித்தான் கண்ணு காயாமப் போச்சு. காஞ்சிருந்தா உங்கப்பன் வராம இருந்திருக்கவே மாட்டாரு. எங்கூட்டுக்காரரு கண்ண மூடற வரைக்கும் இதையேதான் சொல்லிட்டுக் கெடந்தாரு."

பெண்டாட்டியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை அந்த மனுஷன்.

"நீ கூட அன்னைக்கி அங்கதான இருந்த. சின்னப் புள்ள, என்னமோ சத்தமாச் சொன்ன. வலியில எனக்குச் சரியாக் காதுல விழுகல" என்றார் அத்தை. "என்ன கண்ணு சொன்ன?"

"ஈரமா இருக்குதுன்னுதாங்க அத்தை சொன்னேன்" என்றேன்.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டு மீதிக் காபியைக் குடித்தார்.